கால்மாட்டில் உட்கார்ந்தவர்

அவர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நாற்காலியைத் தேட மாட்டார், கட்டிலைத்தான் தேடுவார். கட்டிலில் யாராவது படுத்திருந்தால் நேரே போய்க் கால்மாட்டில் உட்காருவார். யாரும் படுத்திருக்காவிட்டாலும் அங்கேதான் உட்காருவார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, துண்டால் ஒரு தட்டு தட்டி, "இதுல உக்காருங்கண்ணே" என்பாள். "இருக்கட்டும்மா" என்று சொல்லிக்கொண்டே அப்பாவின் கட்டில் ஓரத்தில் பாதி உடம்பை வைத்துக்கொள்வார். நாற்காலி சும்மாவே கிடக்கும். அம்மாவும் சளைக்காமல் ஒவ்வொரு முறையும் அதைத் துடைத்துப் போடுவாள்.

ஆள் குள்ளம். உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் உள்ளங்கை மட்டும் பெரியது. கொளுத்துகிற வெயிலிலும் தலையில் ஒரு கம்பளிக் குல்லா இருக்கும். செருப்பைக் கழற்றினால் தெருவைப் பார்த்தபடி திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஏன் மாமா இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "எந்த எடத்துக்குள்ள போனாலும் வெளிய வர்ற வழிய மொதல்ல பாத்து வச்சுக்கணும்மா. சுரங்கத்துல கத்துக்கினது" என்றார். அவரும் அப்பாவும் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்டில், ஒரே லெவலில், ஒரே கேஜ் லிஃப்டில் இறங்கி ஏறியவர்கள். உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அதனால் எனக்கு அவர் மாமா. அவருக்கு மனைவி இல்லை. ஒரே மகன், பெங்களூரில் வேலை.

சின்ன வயதில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தபோது அவர் என் பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. அமுக்கவோ தேய்க்கவோ மாட்டார். இரண்டு பாதத்தையும் இரண்டு உள்ளங்கையில் ஏந்தி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். கை அப்படிச் சுடும். அடுப்போரம் வைத்த சொம்பைத் தொட்ட மாதிரி இருக்கும். நான் அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனேன். விழித்துப் பார்த்தபோதும் அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப் போய், எழுந்து நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

இவ்வளவு நல்ல மனிதர் தெருவுக்குள் திரும்பினால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்கிற காலமும் வந்தது. எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று சுரங்கத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுப் பெண்கள் மனசுக்குள் கணக்குப் போடுவார்கள். தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் எங்கள் ஊர்ப் பையன்கள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள்: கடைசி வண்டி. "டேய், கடைசி வண்டி வருதுடா, யாருக்கு டிக்கெட்டோ!" அது அவர் காதில் விழுந்திருக்கும். குல்லாவை இன்னும் கீழே இழுத்து விட்டுக்கொண்டு போய்விடுவார்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு வரம்.

எங்கள் சபை சின்னது. தகர ஷெட் போட்ட ஹால், முப்பது நாற்பது குடும்பம். ஒரு வருஷம் பாஸ்டர் பெங்களூரிலிருந்து ஒரு பிரசங்கியாரைக் கூட்டி வந்து மூன்று நாள் கூட்டம் நடத்தினார். கர்த்தர் அவரவருக்குக் கொடுத்த வரத்தைக் கண்டுபிடித்து, அதைக் கொண்டு ஊழியம் செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம். எஜமான் கொடுத்த தாலந்துப் பணத்தை மண்ணில் புதைத்து வைத்த வேலைக்காரனைப் பற்றி அவர் பேசியபோது ஹாலில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மண்ணைத் தோண்டிப் பிழைத்த ஊர் இல்லையா. புதைந்து கிடப்பதை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடைசி நாள், ரேஷன் கடையில் நிற்பது போல வரிசையில் நின்றோம். பிரசங்கியார் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து வரத்தைச் சொன்னார். அம்மாவுக்கு உபசரிக்கும் வரம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா புலம்பினாள். "இத்த சொல்றதுக்கு பெங்களூர்ல இருந்து ஆள் வரணுமா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து டீ போட்டுக்கினுதான கீறேன்!" எனக்கு நிர்வாக வரம். நான் பெங்களூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன் என்று யாரோ முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். தீர்க்கதரிசனம் இல்லாவிட்டாலும் பாடும் வரமாவது கிடைக்கும் என்று ஆசைப்பட்டிருந்தேன். அப்பா வரிசைக்கே வரவில்லை. இருமலைச் சாக்காகச் சொல்லிப் பின்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

மாமாவின் முறை வந்தபோது பிரசங்கியார் தலையில் கை வைப்பதற்கு முன் அவருடைய கையைப் பிடித்தார். பிடித்தவர் சட்டென்று கண்ணைத் திறந்தார். "என்ன சூடு! பாஸ்டர், இங்கே வாங்க, தொட்டுப் பாருங்க!" பாஸ்டரும் தொட்டுப் பார்த்தார். "இது சுகமளிக்கும் வரம். இந்தக் கை வைத்தால் வியாதி ஓடும்" என்று மைக்கில் அறிவித்தார் பிரசங்கியார். ஹால் முழுவதும் அல்லேலூயா. மாமா அப்படியே முழங்காலில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அறுபதை நெருங்கும் ஒருவர் அப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ தப்பான பஸ்ஸில் ஏறுகிறவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரமே சுகமளிக்கும் ஜெபக் குழுவில் அவரைச் சேர்த்தார்கள். இருமல் மருந்து வந்த குட்டி பாட்டிலைக் கழுவி, எண்ணெய் ஊற்றி, பாஸ்டரிடம் ஜெபித்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் நோயாளிக்கா பஞ்சம்? சுரங்கம் மூடிப் பல வருஷம் ஆகியும், அதன் தூசி இன்னும் மனுஷர்களின் நெஞ்சுக்குள்தான் இருக்கிறது. லைனுக்கு இரண்டு பேராவது தலையணையில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பார்கள். எல்லோர் வீட்டுக்கும் போனார்.

அவருக்கு ஜெபமே சரியாக வராது. மற்றவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று உரத்த குரலில் வியாதியை விரட்டுவார்கள். இவர் நெற்றியில் எண்ணெயைத் தொட்டு வைத்துவிட்டு, "ஆண்டவரே, பாத்துக்கோ" என்று சொல்லிக் கால்மாட்டுக்குப் போய்விடுவார். பாதங்களைப் பிடித்துக்கொள்வார். மற்றவர்கள் டீ குடித்துவிட்டுப் போன பிறகும் அங்கேயே இருப்பார். கொஞ்ச நேரத்தில் அந்த ஆளின் முகம் தளரும், நெற்றிச் சுருக்கம் போகும். பல நாளாகத் தூங்காதவர் தூங்குவார். வீட்டுக்காரர்கள் ஸ்தோத்திரம் சொல்வார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, அந்த ஆள் அப்படியே தூக்கத்திலோ, பேசிக்கொண்டிருக்கும்போதோ, யாருக்கும் தொல்லை இல்லாமல் போய்விடுவார்.

ஒருத்தர் கூட எழுந்து நடக்கவில்லை. தையல்காரர் மனைவி, ரிட்டயர்டு வாத்தியார், பஜாரில் காய்கறி விற்ற அம்மா, எல்லோரும் போனார்கள். சாகிற நிலையில் இருந்தவர்கள்தான் அவர்கள். அவரைக் கூப்பிட்டதே டாக்டர் கைவிட்ட பிறகுதான். ஆனால் அதை யார் யோசித்தார்கள்? அவர் கை வைத்தார், ஆள் போய்விட்டார் என்று மட்டும்தான் எங்கள் ஜனங்கள் கவனித்தார்கள். பாஸ்டரும் மோசமானவர் இல்லை. பாவம், அவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "விசுவாசத்துல எங்கேயோ குறை இருக்கு பிரதர். உபவாசம் இருங்க" என்றார். மாமா உபவாசம் இருந்தார். ஏற்கெனவே ஒல்லியான ஆள், சட்டை தொளதொளவென்று தொங்கும் அளவுக்கு இளைத்தார்.

இந்தச் சமயத்தில்தான் எதிர் லைனில் இருந்த பௌத்தக் குடும்பத்துப் பையன் அவரைத் தேடி வந்தான். அப்போது மாமா எங்கள் வீட்டில் இருந்தார். பையன் வாசலில் நின்றபடியே, "எங்கப்பாவுக்கு முடியல. நீங்க வந்து கொஞ்ச நேரம் கால புடிச்சுக்கினு உக்காருங்க. ஜெபம் பண்ணாலும் சரி, பண்ணாட்டாலும் சரி" என்றான். போனார். மூன்றாம் நாள் அந்தப் பெரியவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்ததும் அந்தப் பையன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து மாமாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னானாம்.

பழத்தை எடுத்துக்கொண்டு மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தேங்க்ஸ் சொல்றான் மச்சான்! அப்பன் செத்துட்டான், இவன் வந்து தேங்க்ஸ் சொல்றான். எங்கப்பா பயப்படாம போனாரு அங்கிள்னு சொல்றான்."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. மூச்சு வந்ததும், "அவனுக்காச்சும் தெரிஞ்சுதே. அதாண்டா உன் வரம்" என்றார்.

"எது? சாவடிக்கிறதா?"

"உனுக்கு எங்கடா புரியும்."

மாமா பழத்தை அப்படியே கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். செருப்புதான் தயாராகத் திரும்பி இருக்குமே. அவர் போன பிறகு அப்பா எனக்கு ஒரு விஷயம் சொன்னார். வாலிப வயதில், இவர்கள் வேலை செய்த லெவலில் ஒருநாள் பாறை வெடித்துச் சரிந்திருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்த ஒருவன் உள்ளே மாட்டிக்கொண்டான். முழங்காலுக்குக் கீழேதான் வெளியே தெரிந்ததாம்.

"நான் கல்லத் தள்ளிக்கினு கீறேன். அவன் உள்ளருந்து கத்துறான். அந்தச் சத்தத்த காது கொடுத்துக் கேக்க முடியாது. இவன் போயி அந்தப் பையன் பூட்ஸக் கழட்டிட்டு ரெண்டு காலையும் புடிச்சுக்கினான். கொஞ்ச நேரத்துல கத்தல் நின்னு பேச ஆரம்பிச்சிட்டான். ஊரப் பத்தி, அவங்க வூட்டு மாட்டப் பத்தி, பாத்து வச்ச பொண்ணப் பத்தி. இவனும் உம் போட்டுக்கினே இருந்தான். பேசிக்கினே தான் போனான் அந்தப் பையன்."

"இத மாமாகிட்ட சொல்ல வேண்டியதுதானப்பா?"

"எத்தினியோ தபா சொல்லிட்டேன். ஒருத்தன வெளிய எடுக்க முடியலன்றதுதான் அவனுக்கு ஞாபகம் கீது."

கொஞ்ச நாளில் பாஸ்டர் மாமாவை ஜெபக் குழுவிலிருந்து நாசூக்காக விலக்கினார். ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்று சொல்லவில்லை. "ஹால்ல நாற்காலி எடுத்துப் போட்டு வைக்க நம்பிக்கையான ஆள் இல்ல பிரதர்" என்றார். மாமா ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலிகளைப் போடுவார், ஆராதனை முடிந்ததும் அடுக்கி வைப்பார். எண்ணெய் பாட்டிலைப் பாஸ்டரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். யார் வீட்டுக்கும் போவதை விட்டார். சாப்பிடும்போது தவிர மற்ற நேரமெல்லாம் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேதான் இருப்பார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. ஆனால் நான் என்ன செய்ய முடியும்? நிர்வாக வரம் வாங்கியவள் நான். போய் நாற்காலி அடுக்க உதவி செய்வேன், அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்தில் அப்பா படுத்தார். பெங்களூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை விளக்கு முன்னால் பிடித்துப் பார்த்த டாக்டர், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆக்சிஜன் மெஷினை வாடகைக்கு எடுத்தோம். கரண்ட் போனால் எங்கள் உயிரும் போய்வரும். அப்பாவால் நீட்டிப் படுக்க முடியாது. மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவும் பகலும். காற்றடித்தால் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி பறந்து வரும். அம்மா ஜன்னலில் ஈரப் புடவையைத் தொங்கவிடுவாள். அப்பா அதைப் பார்த்துச் சிரிப்பார். உள்ளே இருக்கிற தூசிக்கு எந்தப் புடவையைக் கட்டுவது?

"அவனக் கூப்புடு" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். யாரை என்று கேட்கத் தேவையில்லை.

அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "அவரு இந்த வாசல மிதிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"எனக்கு ஜுரம் வந்தப்பகூட காலப் புடிச்சாரேம்மா. நான் என்ன போயிட்டனா?" என்றேன்.

"அப்ப அவருக்கு வரம் வரல" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு மாமாவின் மேல் வெறுப்பு இல்லை. அவரைக் கூப்பிட்டால் அப்பா போகப் போகிறார் என்று தானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்ற பயம்தான். எங்கள் வீட்டில் களி கிண்டினாலும் மீன் குழம்பு வைத்தாலும் ஒரு தூக்கு மாமாவுக்குப் போகும். என்னிடம்தான் கொடுத்து அனுப்புவாள். "சூடா சாப்புடச் சொல்லு. வர வேணாம்னும் சொல்லு." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வாள். நானும் போய் இரண்டையும் சொல்வேன். மாமா தூக்கை வாங்கிக்கொண்டு, "எப்டி கீறான்?" என்பார். "அப்டியேதான் மாமா" என்பேன். தலையை ஆட்டுவார்.

அப்பா நாளுக்கு நாள் மோசமானார். என் கையைப் பிடித்துக்கொண்டு, பேச மூச்சில்லாமல், வாசலையே கண்ணால் காட்டுவார். நான் அம்மாவைப் பார்ப்பேன். அம்மா சுவரைப் பார்ப்பாள். காலையில் ரயிலைப் பிடித்து ஆபீசுக்குப் போனால் அங்கே கம்ப்யூட்டர் திரையிலும் அந்தக் கண்தான் தெரியும்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் ஆராதனைக்குப் போகவில்லை. மத்தியானம் அப்பாவுக்குத் திணறல் கூடியது. உதடு நீலம் பாய்ந்தது. தோளும் கழுத்தும் ஒவ்வொரு மூச்சுக்கும் தூக்கித் தூக்கிப் போட்டன. கண்ணில் அப்படி ஒரு பயம். சுரங்கத்துக்குள் இறங்கப் பயப்படாத மனுஷனின் கண்ணா அது என்று இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டு அக்காவை அப்பாவிடம் உட்கார வைத்துவிட்டு, அவிழ்ந்த தலையை முடியாமல், செருப்பும் போடாமல் தெருவில் இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

சபை ஹாலில் மாமா தனியாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா வாசற்படியிலேயே நின்று, "அண்ணே, வாங்க" என்றாள்.

அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைக்கவில்லை.

"நான்தான் வர வேணாம்னேன். இப்ப நானே கூப்புடுறேன். வாங்கண்ணே. அவரால முடியல."

"வரமாட்டேம்மா" என்றார்.

அம்மா திகைத்துப்போனாள். "என் மேல கோவமா? கால்ல வேணா உழறேன்."

"ஐயோ, அதில்லம்மா. நீ சொன்னது சரி. எல்லாரும் சொல்றது சரிதான். நான் கைய வச்சா அவன் போயிடுவான்." நாற்காலியைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைக் கக்கத்துக்குள் திணித்துக்கொண்டார். "வேற யாரா இருந்தாலும் வந்துருவேன். அவனுக்கு வைக்க மாட்டேன். நான் வராம இருந்தா இருப்பான். பாரேன், இவ்ளோ நாள் இருந்தானில்ல?"

"மாமா, அப்பாவே உங்களத்தான் கேக்குறாரு" என்றேன்.

"அவனுக்கு எங்கம்மா புரியும்" என்றார். அப்பா அவரிடம் சொன்ன அதே வார்த்தை. இரண்டு பேரும் மாறி மாறி இதையே சொல்லிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

பிறகு அவர் அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே முழங்காலில் நின்றார். "நான் இங்கருந்தே ஜெபம் பண்றேன். இந்த வரத்த எடுத்துக்கோன்னு கேக்குறேன். நீங்க போங்க" என்றார். ஜெபம் வராத மனுஷன். வாயைத் திறந்து திறந்து மூடினார். "ஆண்டவரே, பாத்துக்கோ" என்பது கூட வரவில்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். எங்களுக்கு வேறு யாரைக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

அப்பா மறுநாள் காலையில் போனார். நல்லபடியாகப் போனார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படிப் போகவில்லை. தண்ணீரில் மூழ்குகிறவர் மாதிரி கையால் காற்றைப் பிடித்துப் பிடித்து இழுத்தார். அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களைப் பிடித்துப் பார்த்தாள். அப்பா உதறிவிட்டார். நானும் பிடித்தேன். என்னையும் உதறினார். எங்களுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்று பார்த்தோம். முடிவு வரைக்கும் அந்தப் பயம் அவர் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

செய்தி போனதும் மாமா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார், திருப்பி வைக்கவில்லை. யாரையும் பார்க்காமல் நேராகக் கால்மாட்டுக்குப் போய் உட்கார்ந்து, கக்கத்திலிருந்து கைகளை எடுத்து, அப்பாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டார்.

"சில்லுனு கீறியே மச்சான்" என்றார்.

பெட்டி வரும்வரை விடவில்லை. இனி அந்தக் கையால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை என்பதால் கூட்டத்தில் யாரும் பயப்படவுமில்லை. அம்மா அழுகையை நிறுத்திவிட்டு எழுந்தாள். சமையலறைக்குப் போனாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று யாரோ சொன்னதைக் காதில் வாங்காமல் ஒரு டம்ளர் டீ போட்டுக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் இரண்டு கையும் வேலையாக இருந்ததால் டீ ஆறி, ஏடு கட்டியது. அம்மா எடுத்துப்போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்து மறுபடியும் வைத்தாள்.

அதற்கப்புறம் அவர் அதிக நாள் இந்த ஊரில் இல்லை. மகன் வந்து பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டான். கிளம்புவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவின் கட்டிலில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். "நான் வந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். "உடுங்கண்ணே" என்றாள் அம்மா. அவர் அந்த வாக்கியத்தை எப்படி முடிக்க வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வந்திருந்தால் அப்பா நிம்மதியாகப் போயிருப்பார் என்றா, இன்னும் சீக்கிரம் போயிருப்பார் என்றா? இரண்டில் எதை நம்பிக்கொண்டு அவர் மீதிக் காலத்தைக் கழித்தாரோ. கடவுள் மேல் எனக்கு இருக்கிற மனத்தாங்கல் இதுதான். வரத்தைக் கொடுக்கிறவர், அது இன்ன வரம் என்று அந்த ஆளின் காதில் மட்டுமாவது சொல்லியிருக்கலாம்.

போன வருஷம் அவர் போய்விட்டார். பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஐசியுவில் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்ததாம். "உள்ள யாரையும் உக்கார விடலக்கா" என்று அவருடைய மகன் போனில் அழுதான். அவருடைய கையில் ஊசி குத்தி, கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

இப்போது அம்மா படுத்திருக்கிறாள். அதே கட்டில். இதயம் பலவீனமாகிக் காலெல்லாம் வீங்கியிருக்கிறது. டாக்டர் என்னிடம் தனியாகப் பேசிய அன்றைக்கே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். நான் லீவு போட்டிருக்கிறேன். பாஸ்டர் வந்து ஜெபித்துவிட்டுப் போகிறார். படுத்தபடியே, "பாஸ்டருக்கு டீ குடு" என்கிறாள்.

இன்று காலை வெயில் கட்டில்வரைக்கும் வந்திருந்தது. அம்மா ரொம்ப நேரம் கால்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் இருந்தா இட்டுக்கினு வரச் சொல்லியிருப்பேன்" என்றாள்.

"பயமா இருக்காம்மா?"

"கீது."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து கால்மாட்டுக்குப் போனேன். அப்பா உதறிய கை இது. வைக்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினேன். பிறகு மாமா செய்வதுபோல இரண்டு பாதங்களையும் இரண்டு உள்ளங்கையில் ஏந்திக்கொண்டேன்.

அம்மா முகத்தைச் சுளித்தாள். "உன் கை சில்லுனு கீது."

"ஆமாம்மா. எனக்கு நிர்வாகம்தானே குடுத்தாங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு வாங்கும் என்று அடக்கிக்கொண்டாள். "தேச்சுட்டு வை" என்றாள். கைகளை ஒன்றோடொன்று பரபரவென்று தேய்த்துவிட்டு மறுபடியும் வைத்தேன்.

"இன்னும் சில்லுனுதான் கீது" என்று கண்ணை மூடிக்கொண்டாள். "பரவால்ல. உட்ராத."